பீரோவுக்குள் நின்ற பெண்கள்

என் வீட்டு ஷோகேஸில் ஒரு வெள்ளைக்காரப் பொம்மை நிற்கிறது. தோள் குறுகல், இடுப்பு நல்ல அகலம், தொடை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். கழுத்து, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என்று எல்லா மூட்டும் மடங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் மகளுக்கு வாங்கியதா என்று கேட்பார்கள். இல்லை, அது நான்தான் என்று சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதையே ஒருத்தி என்னிடம் முதல் தடவை சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் எனக்குத்தான் தெரியும்.

சொன்னவள் பக்கத்து வீட்டு லாத்தா. வயதில் மூத்தவளை எங்கள் பக்கம் அக்கா என்று கூப்பிட மாட்டோம், லாத்தா என்போம். அவள் பெயர் இங்கே வேண்டாம். மவுத்தாகி மண்ணுக்குள் போன ஒருத்தியின் உடம்பைப் பற்றி எழுதப் போகிறேன், பெயராவது அவளோடு இருக்கட்டும்.

நான் தொண்டிக்காரி. பெரியபட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட புதிதில், புதுப்பெண்ணைப் பார்க்கத் தெருப் பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். எல்லாரும் என் கழுத்து நகையைப் பார்த்தார்கள். லாத்தா மட்டும் என்னை உச்சியிலிருந்து பாதம் வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஊரே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தோளு சின்னது, இடுப்பு அகலம். ஒன் அளவுல எங்கிட்ட ஒரு பொம்மை இருக்கு புள்ள. நாளைக்கு வா, காட்டுறேன்."

அறையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையே ஏறிவிட்டது. மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன், பொம்மை பார்க்க அல்ல, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர. அவள் என்னைப் பேசவே விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இரும்பு பீரோவைத் திறந்தாள்.

மேல் தட்டில் மட்டும் சேலைகள். மற்ற தட்டுகளில் வரிசையாகப் பெண்கள். நெட்டை, குட்டை, தொப்பை வைத்தவள், குச்சி மாதிரி இருப்பவள், மாநிறம், கறுப்பு, சக்கர நாற்காலியில் ஒருத்தி, முழங்காலுக்குக் கீழே கழற்றி மாட்டுகிற காலோடு ஒருத்தி. பொம்மை என்றால் மஞ்சள் முடி, ஒடிந்து விழுகிற இடுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். லாத்தா நடுத்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். கோபமாகத்தான் வாங்கினேன். வாங்கிப் பார்த்தால், அதன் இடுப்பும் தொடையும் அச்சு அசல் என்னுடையவை. கண்ணாடியில் பார்த்து நான் அழுகிற இடுப்பு. ஆனால் அந்தப் பொம்மைக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

"பாத்தியா? கம்பெனிக்காரன் ஒன்னயப் பாக்காமலே ஒன் அளவெடுத்துருக்கான்" என்றாள்.

அளவு என்பதுதான் அவள் சொல். குண்டு, ஒல்லி, ஊனம் என்றெல்லாம் அவள் வாயில் வராது. "அவ அளவு வேற, இவ அளவு வேற, அம்புட்டுத்தான்" என்பாள். ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, தெருவில் புர்கா போட்டுப் போகிற பெண்களை எனக்கு அடையாளம் சொல்வாள். கண் மட்டும் தெரிகிற உடம்புகளை நடையை வைத்தும் தோளை வைத்தும் சொல்லிவிடுவாள். "மூடிட்டா எல்லாரும் ஒண்ணுன்னு நெனைப்பாக. எங்கன புள்ள ஒண்ணு? அந்தா போறா பாரு, எடது கால் அழுந்தி விழுது, அது மூணாவது வீட்டுக்காரி." ஒரு தடவைகூட அவள் சொன்னது தப்பியதில்லை.

அந்தப் பொம்மைகளை அவள் சும்மா நிறுத்தியும் வைக்க மாட்டாள். ஒருத்தியைத் துணி காயப்போட வைப்பாள், ஒருத்தியைப் போன் பேச வைப்பாள். மீன் அறுக்கிற மாதிரி ஒன்றைக் குத்தவைக்க ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினாள். எல்லா மூட்டும் மடங்கியது, ஆனால் குத்தவைத்தால் மல்லாக்க விழுந்தது. "இவ மூட்டைச் செஞ்சவன் ஆத்தா மீனே அறுத்துருக்க மாட்டா" என்று அலுத்துக்கொண்டாள்.

பிள்ளை இல்லாத ஏக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகன் இருந்தான். கணவர் ஷார்ஜாவில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில், விளையாட்டுச் சாமான் பிரிவில் வேலை. அவர் முதலில் ஒரு மெல்லிய பொம்மையைத் தங்கச்சி மகளுக்கென்று கொடுத்துவிட்டார். லாத்தா போனில் பிடித்துக்கொண்டாள். "இவ ஏன் சாப்பிடாமக் கெடக்கா? நம்ம தெருவுல இப்படி ஒரு பொம்பளைய எனக்குக் காட்டுங்க பாப்போம்." அவர் சிரித்துவிட்டு, அப்போதுதான் புதிதாக வந்திருந்த குண்டுப் பொம்மையை அடுத்து அனுப்பினார். ஆரம்பம் அதுதான். அதற்குப் பிறகு லீவில் வருகிற ஒவ்வொரு சபராளியும், அதாவது அரபு நாட்டில் பிழைக்கிற எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரும், பெட்டிக்குள் லாத்தாவுக்கு ஒரு பொம்மையைத் திணித்துக்கொண்டு வந்தார்கள். தலை நரைக்கப் போகிற வயதில் பொம்மையா என்று தலையில் அடித்துக்கொண்டேதான் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவள் மாமிக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, இது ஆகவே ஆகாது. உருவம் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று தினமும் சொல்வார். லாத்தா எதிர்த்துப் பேச மாட்டாள். பாங்கு சொல்ல ஆரம்பித்ததும் போய் பீரோவைப் பூட்டிவிட்டு வருவாள். "பூட்டிட்டேன் மாமி, இனி வரலாம்" என்பாள். மாமி முறைத்துக்கொண்டே தொழப் போவார்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவளை ஏதோ தங்கமான மனுஷி என்று நினைத்துவிடுவீர்கள். அவளால் ஒரு வீடு அழுததையும் சொல்ல வேண்டும்.

தெருக்கோடியில் ஒரு பெண். நல்ல படிப்பு, நல்ல குணம், கையிலும் கழுத்திலும் வெண்புள்ளி. அவளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கமுதியிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாக்காரி மகளின் கழுத்துக்குப் பவுடரை அப்பி, நீளக் கை வைத்த உடுப்பு போட்டு உட்கார வைத்திருந்தாள். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. லாத்தா உள்ளே வந்தாள். கையில் ஒரு பொம்மை. கறுத்த தோல், முகத்திலும் கையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அழகான பொம்மைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதை மாப்பிள்ளையின் தாய் மடியிலேயே வைத்தாள்.

"பாருங்க, நம்ம புள்ள அளவுல வந்துருக்கு. காசு குடுத்து வாங்குறாக இத. எம்புட்டு அழகு பாருங்க."

வந்தவர்கள் பொம்மையைப் பார்த்தார்கள், பெண்ணின் கழுத்தைப் பார்த்தார்கள். டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

அன்று அந்தத் தாய் தெருவில் நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "எம் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?" லாத்தா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் வாய் அடங்கவில்லை. "மறைச்சுக் கட்டிக் குடுத்தா, விடிஞ்சதும் பவுடர் கலையாதா? அப்ப யாரு அழுவா?" அவள் சொன்னது நியாயம்தான். எனக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? உடம்பு அவளுடையது.

அதற்குப் பிறகு தெருவில் பேச்சு மாறியது. ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒரு பொம்மை செய்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள், இது என்ன சூனியமோ என்றார்கள். சிலர் அவளைக் கண்டால் நடையையே மாற்றிக்கொண்டு போனார்கள். அளவெடுத்துவிடுவாளாம். லாத்தா ஜன்னலைச் சாத்தி வைக்கப் பழகினாள்.

அவளுக்கு மாரில் கட்டி வந்தபோது, பீரோவில் இருக்கிறதுதான் அவள் மேல் வந்திருக்கிறது என்று அதே வாய்கள் பேசின. நல்லவேளை, அது என் காதில் நேரே விழவில்லை. விழுந்திருந்தால் பெரியபட்டினத்தில் அன்று வேறொரு சண்டை நடந்திருக்கும்.

ராமநாதபுரத்தில் காட்டினோம், மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரையில் ஒரு பக்கத்தை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அன்று அவள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். எங்கள் ஊரில் யார் வீடானாலும் எடுத்திருக்கக்கூடிய முடிவு அது. சபரில் இருக்கிறவரிடம் சொல்லக்கூடாது.

இது எங்களுக்குப் பழக்கம். அக்கரையிலிருந்து போன் வந்தால், கேட்பதற்கு முன்பே "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று ஆரம்பிப்போம். வாப்பா வழுக்கி விழுந்ததைச் சொல்ல மாட்டோம், பிள்ளை பரீட்சையில் தோற்றதைச் சொல்ல மாட்டோம். சில வீடுகளில் மவுத்துச் செய்திகூட அடக்கம் முடிந்து பல நாள் கழித்துத்தான் போகும். வர முடியாத மனுஷனை எதற்கு வதைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அன்பில் செய்வதுதான், இல்லையென்று சொல்லவில்லை.

"அவன் அங்கன ஒத்தையில கெடக்கான்" என்றார் மாமி. "கேட்டான்னா வேலைய விட்டுட்டு ஓடியாருவான். வந்து என்ன செய்யப் போறான்? டாக்டரா அவன்?"

"சொல்லிருங்க மாமி, அவுக பொண்டாட்டி உடம்பு அது" என்றேன் நான். என் மாமியார் சேலைக்கடியில் என் தொடையை நறுக்கென்று கிள்ளினார். லாத்தாவைப் பார்த்தேன். தெருவில் போகிற எவள் உடம்பையும் வாய் கூசாமல் சொல்கிறவள், தன் உடம்பைப் பற்றிய பேச்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மகனுக்கு மட்டும் சொல்லி, வாப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள்.

மதுரையில் ஒரு பக்கத்தை எடுத்தார்கள், பிறகு மருந்து ஊசி ஏற்ற ஆரம்பித்தார்கள். வீடியோ காலில் மறைப்பது ரொம்பச் சுலபமாக இருந்தது. கொட்டிப்போன முடிக்கு முக்காடு இருந்தது. போனை டீத்தூள் டப்பாவில் சாய்த்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி மாமியே வைத்துவிடுவார். ஏன் மெலிந்திருக்கிறாய் என்று அவர் கேட்டால், நோன்பு நேரத்தில் யார்தான் மெலியவில்லை என்று மாமியே பதில் சொல்வார். நானும் ஒரு நாள் அங்கே இருந்தேன். "எல்லாரும் நல்லா இருக்கோம் மச்சான்" என்று லாத்தா சொன்னாள். குரல் பிசிறவே இல்லை.

ஊசி ஏறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் அடுத்த பொம்மை வந்தது. முடியே இல்லாத மொட்டைப் பொம்மை. காதில் பெரிய வளையம், உதட்டில் சாயம், மொட்டைத்தலை. புது மாடல், பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும் என்று கணவர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். லாத்தாவுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. எனக்குப் பயம் வருகிற அளவுக்குச் சிரித்தாள். முக்காட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் பொம்மையைத் தன் தலைக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணாடி பார்த்தாள்.

"என் அளவு வந்துருச்சு புள்ள" என்றாள். பிறகு கீழே குனிந்து மாரைப் பார்த்தாள். "முக்காவாசி."

மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். போனேன். அடுப்பில் சின்னக் கத்தியைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"கால் இல்லாதது வந்துருச்சு, முடி இல்லாதது வந்துருச்சு. இது மட்டும் வரல. அவன் செய்ய மாட்டான் போல, நம்மளே செஞ்சுக்கிருவோம்."

நான்தான் பொம்மையைப் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் அடுப்படி முழுக்க. ஒரு பக்கத்தைச் சீவி எடுத்தாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், சிவப்புப் பேனாவால் அக்குள்வரை ஒரு கோடு இழுத்தாள். கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும் என்று பார்க்க அவள் ஒரு தடவைகூடத் தன் சட்டைக்குள் பார்க்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆடாமப் புடி" என்று அதட்டினாள்.

"அவுக லீவுல வாராகல்ல, வந்த அன்னைக்கே, ரூமுக்குள்ள வச்சு, இதக் கையில குடுத்துருவேன்" என்றாள். "எனக்கு வாயால சொல்ல வரல புள்ள. ஊரு ஒடம்பெல்லாம் சொன்ன வாயி. இதுக்கு வர மாட்டேங்குது."

அதன் கையை மடக்கி, இல்லாத பக்கத்தை மறைத்த மாதிரி வைத்து, பீரோவின் நடுத்தட்டில் நிறுத்தினாள்.

அவர் வந்தார். எங்கள் ஊரில் சபராளி வந்து இறங்கினால், பெட்டி உடைக்கிறபோது தெருப் பெண்கள் கூடிவிடுவார்கள். அவர் அம்மா, தங்கச்சி, என் மாமியார், நான், இன்னும் நாலைந்து பேர் கூடத்தில் இருந்தோம். ஆளுக்கு ஒரு சோப்பு, தைலம், பால் பவுடர் என்று எங்கள் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். கலகலப்பான மனுஷர். பெட்டியின் அடியிலிருந்து மூன்று புதுப் பொம்மைகளை எடுத்தார். லாத்தா ஏதோ சொல்வதற்குள் பீரோவைத் திறந்துவிட்டார்.

"எங்க, எடம் இருக்கான்னு பாப்போம்" என்றவர், நடுத்தட்டில் இருந்ததைப் பார்த்துக் கையில் எடுத்தார். மடக்கியிருந்த கையை நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொம்மை விற்கிற கை, பழக்கத்தில் ஒவ்வொரு மூட்டாக மடக்கிப் பார்த்தது.

"மூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாடிதான் டேமேஜ். ஒரு சைடு வரவே இல்ல பாரு, சிவப்பா வேற என்னமோ இழுகிருக்கு. பாக்காமக் குடுத்துவிட்டுட்டேன் போல." லாத்தாவைப் பார்த்துச் சிரித்தார். "கவலைப்படாத புள்ள, பில்லு இருக்கு. திரும்பப் போறப்பக் கொண்டுபோயி மாத்திர்றேன். டேமேஜ் பீஸுக்குப் புதுசே தருவாக."

எங்களில் ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. நான் என் மடியில் இருந்த சோப்பின் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மாத்த வேணாம் மச்சான்" என்றாள் லாத்தா.

"டேமேஜ் புள்ள இது."

"டேமேஜ் இல்ல. அது என் அளவு."

"ஒன் அளவா? ஒன் அளவு அந்த..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். அவள் முக்காட்டைப் பார்த்தார். மாரில் இழுத்துப் போர்த்தியிருந்த சேலையைப் பார்த்தார். லாத்தா தலையைக் குனியவில்லை.

"எப்ப?" என்றார்.

"போன நோம்புக்கு முன்னாடி."

"நோம்பு பூராம் தெனமும் பேசுனேனே."

அவர் தன் அம்மா பக்கம் திரும்பினார். "உம்மா, ஒங்களுக்குத் தெரியுமா?" மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். "நாங்கதான் காக்கா சொல்ல வேணாம்னு..." என்று தங்கச்சி அண்ணனிடம் ஆரம்பித்து அழுதாள். பிறகு அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தபோது, "தங்கச்சி, ஒங்களுக்குமா?" என்றார். தெரியும் என்றேன். வேறென்ன சொல்வது?

"தெருவுக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். கையில் இருந்த பொம்மையைத் திரும்பப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு போனது. "டேமேஜுன்னு சொல்லிட்டேனே புள்ள."

"தெரியாமத்தானே சொன்னீக" என்றாள் லாத்தா.

"அதத்தான் சொல்றேன். தெரியாமத்தானே சொன்னேன்."

நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்துவிட்டோம். மடியில் வாங்கிய சாமான்களைக் கூடத்திலேயே வைத்துவிட்டுத்தான் வந்தோம். அந்த லீவு முழுக்க அவர் தெருவில் யாரோடும் பேசவில்லை, தன் அம்மாவோடும் சரியாகப் பேசவில்லை. திரும்பிப் போகிறபோது அந்தப் பொம்மையைக் கைப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். மாற்றிக் கொண்டுவர அல்ல.

லாத்தா அதற்குப் பிறகு ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். வெண்புள்ளிப் பெண் ஒரு நாள் அம்மாவுக்குத் தெரியாமல் வந்து தன் அளவுப் பொம்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். என்னுடையதை லாத்தா தானாகவே கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் இப்போது கொடுக்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அதற்குக் கொஞ்ச நாளில், வெயில் ஏறின நேரத்தில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் மாடியில் அவள் போனோடு நின்றாள். கீழே மாமி இருந்தார். முதுகைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்திருந்தாள். அக்கரைக்குத்தான் பேசுகிறாள் என்று தெரிந்தது. வழக்கம்போல அவர் கேட்டிருப்பார், அங்கே எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று.

"நல்லா இல்ல மச்சான்" என்றாள் லாத்தா. "முதுகெலும்புல வந்துருக்காம். மாமிக்கு இன்னும் சொல்லல. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

எங்கள் தெருவிலிருந்து அக்கரைக்குப் போன போனில் 'நல்லா இல்ல' என்ற வார்த்தையை நான் முதல் தடவை கேட்டது அன்றுதான். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

அவர் மறுநாளே வந்து இறங்கினார். தெருப் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பெட்டி இல்லை. சோப்பு இல்லை, தைலம் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பாஸ்போர்ட்டும் அந்தப் பொம்மையும். பெட்டியில்லாமல் வந்த சபராளியை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. எங்களில் யாரையும் பார்க்காமல் நேரே அவள் இருந்த அறைக்குள் போனார்.